பந்து கோட்டைத் தாண்டிப் போச்சு, சார்!



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். கோபம்தான். ஆனால் நான்கு நாள் ஆறப்போட்டு எழுதிய கோபம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கடற்கரை ஊர் ஒன்றில் கோவில் திருவிழாவை ஒட்டிய எழுவர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம். சிறப்பு விருந்தினர் என்று என்னையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கீழே குத்தி, வெளியே வந்தது. கோல் என்றது ஒரு கூட்டம், இல்லை என்றது இன்னொரு கூட்டம். நடுவர் இல்லை என்று கையை ஆட்டிவிட்டார். கோலுக்குப் பின்னால் நின்ற பையன் ஒருவன் செல்போனில் எடுத்த வீடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கமிட்டிக்காரர் அவனைத் தடுத்து, "செல்போன் பார்க்கிறதெல்லாம் கிடையாது. ரெஃப்ரி சொன்னா சொன்னதுதான்" என்றார்.

சரி, அதுவும் ஒரு விதிதானே என்று நானும் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார்: "சார், நேத்து செமி ஃபைனல்ல இதே மாதிரி ஒரு பந்துக்கு இதே கமிட்டி செல்போனப் பார்த்துதான் கோல் குடுத்தாங்க."

அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். தோற்ற அணியில் ஆடிய ஒரு பையனுக்குப் புருவத்தில் நாலு தையல். அவன் அப்பா என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னைப் பார்த்ததும் அவன் தையலைப் பற்றிப் பேசவில்லை. "நேத்து ஒரு சட்டம், இன்னைக்கு ஒரு சட்டமா சார்? நீங்க சொல்லுங்க" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நம் பிள்ளைகள் சொன்னது ஒன்றே ஒன்று: "மாமா, வி.ஏ.ஆர். வந்துட்டா எல்லாம் சரியாயிடும்." வி.ஏ.ஆர். என்றால் ஆட்டத்தை வீடியோவில் பார்த்து நடுவருக்கு உதவும் ஏற்பாடு. கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 2018 மார்ச்சில் அதற்கு அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் அது வந்துவிட்டது. கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை சரியா, தப்பான ஆளுக்கு அட்டை காட்டிவிட்டார்களா என்ற நான்கு விஷயங்களில் மட்டும்தான் அது அப்போது தலையிட்டது. அதுவும் கண்கூடான தவறு என்றால் மட்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேமரா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று ஆட்டங்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் ஆட்டம் தோகாவில், 2024 ஜூன் 11. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் இந்தியாவும் கத்தாரும் மோதின. ஐந்து நாள் முன்புதான் கொல்கத்தாவில் சுனில் சேத்ரி தன் பிரியாவிடை ஆட்டத்தை ஆடிவிட்டுக் கண்ணீரோடு விடைபெற்றிருந்தார். அவர் இல்லாத அணி. 37-ஆவது நிமிடத்தில் சாங்தே கோல் போட்டார். 73-ஆவது நிமிடம் வரை இந்தியாதான் முன்னிலை. அப்படியே வென்றிருந்தால் நாம் மூன்றாம் சுற்றுக்குப் போயிருப்போம்.

என் தங்கை மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான். அன்று ராத்திரி அவன் போனில் அழாத குறையாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மாமா, பந்து கோட்டத் தாண்டி வெளிய போயிடுச்சு மாமா. உள்ள இழுத்துப் போட்டு கோல் அடிச்சுட்டாங்க."

அதுதான் நடந்தது. கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார். பந்து உருண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போனது. இன்னொருவர் காலால் அதை உள்ளே இழுத்துவிட, யூசுப் அய்மென் வலைக்குள் தள்ளினார். நம் பிள்ளைகள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சினார்கள். தென்கொரிய நடுவர் கிம் வூ-சுங் கோல் என்றே சொல்லிவிட்டார். 85-ஆவது நிமிடத்தில் இன்னொரு கோல் வாங்கி 2-1 என்று தோற்று வெளியேறினோம். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு புகார் கொடுத்தது. முடிவு மாறவில்லை.

"அங்கே வி.ஏ.ஆர். இல்லையே மாமா, நடுவர் என்ன பண்ணுவார்?" என்று கேட்கிறீர்கள். இல்லைதான். ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. அந்த ஆட்டம் நடந்தது ஜாசிம் பின் ஹமத் மைதானத்தில். அதே ஆண்டு ஜனவரியில் அதே மைதானத்தில் ஆசியக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. அந்தத் தொடரின் எல்லா ஆட்டத்துக்கும் வி.ஏ.ஆர். இருந்தது. ஆஃப்சைடு பார்க்கத் தனியாக ஒரு தானியங்கித் தொழில்நுட்பம்கூட இருந்தது. ஜனவரியில் கண் இருந்த மைதானம் ஜூனில் குருடாகிவிட்டதா? இல்லை. தகுதிச் சுற்றில் மூன்றாம் கட்டத்துக்குத்தான் வி.ஏ.ஆர்., இரண்டாம் கட்டத்துக்குக் கிடையாது என்று அவர்களே வகுத்துக்கொண்டார்கள். மூன்றாம் கட்டத்துக்குப் போவது பெரும்பாலும் பெரிய அணிகள். இரண்டாம் கட்டத்தோடு நின்றுபோவது நம்மைப் போன்றவர்கள். மேல் வகுப்புக்கு ஒரு நீதி, கீழ் வகுப்புக்கு ஒரு நீதி. உலகக் கோப்பை என்ற ஒரே பரீட்சையில் பாதிப் பேருக்குத்தான் மேற்பார்வையாளர் என்றால் அந்தப் பரீட்சையை யார் மதிப்பார்கள்?

இரண்டாவது ஆட்டம் நம் நாட்டிலேயே, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், 2023 மார்ச் 3. ஐ.எஸ்.எல். நாக் அவுட் ஆட்டம். பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும் கோல் இல்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தார்கள். 96-ஆவது நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் வீரர்கள் சுவர் கட்டத் தயாராகிக்கொண்டிருக்கும்போதே சேத்ரி சட்டென்று அடித்து கோலாக்கிவிட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை மைதானத்திலிருந்தே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியேறியது தப்பு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதற்காகக் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும் விதித்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆட்டத்தில் படத்துக்கு என்ன குறை? நாடு முழுக்க டிவியில் நூறு தடவை போட்டுக் காட்டினார்கள். பந்து எங்கே இருந்தது, யார் எங்கே நின்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். நடுவர் "நீ உடனே அடிக்கலாம்" என்று அனுமதித்தாரா, "விசிலுக்குக் காத்திரு" என்றாரா? விதிப்படி எதிரணி சுவர் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, வேகமாக அடிக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை நடுவர் அந்த நிமிடத்திலேயே மைக்கில் சொல்லியிருந்தால் அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். ஒப்புக்கொள்கிறவன் ஒப்புக்கொள்வான், மாட்டாதவன் விதிப் புத்தகத்தைப் புரட்டுவான். காரணம் தெரியாதவன்தான் கல்லெடுப்பான்.

மூன்றாவது ஆட்டம் லண்டனில், 2023 செப்டம்பர் 30. டாட்டன்ஹாம் - லிவர்பூல். அங்கே பணத்துக்கும் குறைவில்லை, கேமராவுக்கும் குறைவில்லை. லிவர்பூல் வீரர் லூயிஸ் டியாஸ் போட்ட கோலை மைதானத்தில் ஆஃப்சைடு என்றார்கள். வீடியோ அறையில் இருந்தவர் படத்தைச் சரியாகத்தான் பார்த்தார். ஆஃப்சைடு இல்லை என்றும் தெரிந்துகொண்டார். ஆனால் மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்துவிட்டார்கள் என்று தப்பாக நினைத்து, சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது. சில நொடியில் தவறு புரிந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையைப் பிசைந்தார்கள். லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

கண் சரியாகப் பார்த்தும் வாய் தப்பாகச் சொல்லிவிட்டது! கேமரா வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறவர்கள் இந்த ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வருவது. தவறு நடந்தது என்று நடுவர் அமைப்பு அன்றே ஒப்புக்கொண்டது. மூன்று நாளில் அந்த வீடியோ அறைப் பேச்சின் ஒலிப்பதிவையே வெளியிட்டார்கள். உலகமே கேட்டது. வெட்கக்கேடான பேச்சுதான். ஆனாலும் சதி என்று அதுவரை கத்தியவர்கள், இது சதி இல்லை, குளறுபடி என்று காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2025 ஜனவரி 8 அன்று அதே இரண்டு அணிகள் மோதிய லீக் கோப்பை அரையிறுதியில், நடுவர் ஸ்டூவர்ட் அட்வெல் ஒரு கோலை ஏன் ரத்து செய்கிறேன் என்று அரங்கத்துக்கே மைக்கில் சொன்னார். இங்கிலாந்தில் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. அதற்கு முன்பே 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் அப்படிச் சொல்லிக் காட்டிவிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை.

ஆக, தோகாவில் படம் இல்லை. பெங்களூருவில் படம் இருந்தது, காரணம் சொல்லப்படவில்லை. லண்டனில் படம் இருந்தும் முறை சரியில்லை, ஆனால் மறைக்கவில்லை. இந்த மூன்றில் எந்த நோய்க்கு எந்த மருந்து என்று தெரியாமல் "கேமரா, கேமரா" என்று கத்துவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பது போலத்தான்.

கிரிக்கெட்டைப் பாருங்கள். 1992 நவம்பரில் டர்பனில் நம் டெண்டுல்கர்தான் மூன்றாவது நடுவரால் ரன் அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர். அப்புறம் டி.ஆர்.எஸ். வந்தது. நம் கிரிக்கெட் வாரியமே 2016 வரை அதற்கு முரண்டு பிடித்தது. இன்றைக்கு என்ன நிலைமை? தூத்துக்குடி டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையன்கூட 'அம்பயர்ஸ் கால்' என்றால் என்ன என்று விளக்குகிறான். அவனுக்கு யார் பாடம் எடுத்தது? மூன்றாவது நடுவர் ஒவ்வொரு படியாகப் பேசுவது டிவியில் கேட்கிறது. முதலில் நோ பால், அப்புறம் பேட்டில் பட்டதா, அப்புறம் பந்து எங்கே விழுந்தது என்று ஒரே வரிசை, எல்லா ஆட்டத்திலும். தன் அணிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தாலும், "சரி, விதி அதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த டீக்குப் போகிறான்.

நம் கடற்கரைக்கும் இது புதுசு இல்லை. இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில் பங்கு பிரிக்க ஒரு முறை இருந்தது. குளியாள்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, சர்க்காருக்கு இரண்டு பங்கு. படகுக்காரர்களே கரையில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அதில் எந்தக் குவியல் அவர்களுக்கு என்று அதிகாரி கை காட்டுவார். பிரிக்கிறவனுக்கு எது தன் பங்கு என்று தெரியாது, அதனால் மூன்றையும் சமமாகத்தான் பிரிப்பான். எல்லாம் நாலு பேர் கண்முன்னே. எந்தப் படகு வந்தாலும் அதே முறை. அந்தச் சர்க்கார் ரொம்ப நல்ல சர்க்கார் என்று நான் சொல்லவில்லை. ஆளை நம்பாமல் முறையை நம்பினார்கள் என்கிறேன். சிப்பி பிரிக்கத் தெரிந்த கரையில் கோல் பிரிக்கத் தெரியாமல் போய்விட்டது.

எதிர்ப்பேச்சு வரும் என்று தெரியும். "தவறும் ஆட்டத்தின் ஒரு பகுதி சார், 1986-இல் மரடோனா கையால் போட்ட கோலை உலகமே கொண்டாடவில்லையா?" என்பார்கள். கொண்டாடியது அர்ஜென்டினா. இங்கிலாந்துக்காரனைக் கேட்டுப் பாருங்கள். தவறை ரசிப்பது எப்போதும் அதனால் ஜெயித்தவன்தான்.

"கோல் போட்டதும் கொண்டாட முடியவில்லை, நகக்கண் அளவு ஆஃப்சைடுக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது" என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் இருக்கிறது, எனக்கும் எரிச்சல்தான். ஸ்வீடன் நாட்டுக் கிளப்புகள் வி.ஏ.ஆரே வேண்டாம் என்று முடிவு செய்தன. ஆனால் 2024-இல் இங்கிலாந்தில் அதை ஒழிக்கலாமா என்று வாக்கெடுத்தபோது 19 கிளப்புகள் இருக்கட்டும் என்றன, ஒன்றே ஒன்றுதான் வேண்டாம் என்றது. திட்டிக்கொண்டே வைத்துக்கொண்டார்கள். இரண்டு முடிவுமே எனக்குச் சம்மதம். முன்கூட்டியே எல்லோரும் கூடி முடிவு செய்து, எல்லா ஆட்டத்துக்கும் அதையே கடைப்பிடிக்கிறார்களே, அது போதும்.

"இந்தியாவில் அதற்கெல்லாம் பணம் ஏது?" என்பது மூன்றாவது வாதம். 2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். பத்து சீசனுக்கு மேல் வி.ஏ.ஆர். இல்லாமலே ஓடியது. 2023-இல் பெங்களூரு ரகளைக்குப் பிறகு கூட்டமைப்புத் தலைவர் கல்யாண் சௌபே 'வி.ஏ.ஆர். லைட்' என்று ஒரு சிக்கன ஏற்பாட்டைப் பற்றிப் பேசினார். பேச்சு பேச்சாகவே நின்றது. இதற்கிடையில் ஃபிபாவே இன்னொரு வழியைச் சோதித்துப் பார்த்துவிட்டது. 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் வீடியோ அறையும் இல்லை, அதற்குத் தனி நடுவர்களும் இல்லை. இருக்கிற சில கேமராக்கள்தான். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஆட்டத்துக்கு இரண்டு முறையீடு. நடுவரே ஓரத்துத் திரையில் போய்ப் பார்த்து முடிவு சொல்வார். முறையீடு சரியாக இருந்தால் அது கணக்கில் கழியாது. இதைச் செய்யக்கூடவா நம்மிடம் காசு இல்லை?

நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, தொடரின் முதல் ஆட்டத்துக்கு என்ன விதியோ அதேதான் கடைசி ஆட்டத்துக்கும். இரண்டு, தீர்ப்பை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் எந்த விதிப்படி என்று அரங்கத்திலேயே நடுவர் வாயால் சொல்ல வேண்டும். மூன்று, சர்ச்சையான முடிவுகளின் ஒலிப்பதிவை ஒரு வாரத்துக்குள் வெளியிட வேண்டும், நமக்குச் சாதகமோ பாதகமோ. இது நடுவருக்கு எதிரான கோரிக்கை என்று நினைக்காதீர்கள். காரணம் சொல்ல வாய்ப்புக் கிடைத்த நடுவரை யாரும் விலை போனவன் என்று சொல்ல முடியாது.

திருவிழா கமிட்டிகளில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களிடம் திரையும் வேண்டாம், மைக்குக்கு ஒலிபெருக்கிக்காரரே இருக்கிறார். அணிகளுக்குச் சீட்டுக் குலுக்கும் அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: செல்போன் வீடியோ பார்ப்போமா, மாட்டோமா? பார்ப்போம் என்றால் கமிட்டி வைக்கும் போன் மட்டுமா, யார் போனுமா? எதற்கெல்லாம் பார்ப்போம்? ஓர் அணிக்கு எத்தனை முறை? எல்லா கேப்டனிடமும் கையெழுத்து வாங்குங்கள். "மாட்டோம்" என்று எழுதினாலும் தப்பில்லை. ஆனால் செமி ஃபைனலில் பார்த்துவிட்டு ஃபைனலில் மாட்டோம் என்றால், அந்த நாலு தையலில் உங்களுக்கும் பங்கு உண்டு.

கடைசியாக, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று.

தொண்ணூறுகளில் ஒரு குறுவட்டப் போட்டி. பள்ளிப் பெயர்கள் வேண்டாம். ஆள் வராததால் அன்று என்னை நடுவராக நிறுத்திவிட்டார்கள். விதி ஓரளவு தெரியும், ஓடத் தெரியாது. மைதானத்தின் நடுவிலிருந்து பார்த்தே கோல் என்று விசில் ஊதினேன். தோற்றுக்கொண்டிருந்த பள்ளியின் கோல்கீப்பர், ஒல்லியான பையன், செருப்புகூட இல்லாத கால், மூச்சு வாங்க ஓடி வந்தான். "சார், பந்து கோட்டத் தாண்டிப் போச்சு சார். வெளிய போனத உள்ள இழுத்தான் சார்" என்றான். நான், "எனக்குத் தெரியாதாலே? போய் நில்லு" என்றேன். அவன் திரும்பிப் போய் நின்றான். அந்த ஒரு கோலில் அவர்கள் வெளியேறினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கோட்டருகே நின்ற உடற்கல்வி ஆசிரியர் மெதுவாகச் சொன்னார்: "சார், அந்தப் பையன் சொன்னது சரிதான். நீங்க ஊதிட்டீங்களேன்னு விட்டுட்டேன்."

அன்று என்னிடம் கேமரா இல்லை. ஆனால் கோட்டருகே ஒரு ஆள் இருந்தார், கேட்டிருக்கலாம். "ஏன் கோல் கொடுத்தேன் தெரியுமா?" என்று அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல முயன்றிருந்தால், என்னிடம் காரணமே இல்லை என்பது எனக்கே தெரிந்திருக்கும். அதற்குப் பயந்துதான் "போய் நில்லு" என்றேன்.

தோகாவிலிருந்து மருமகன் போன் பண்ணியபோது எனக்குக் கேட்டது அந்தப் பையனின் குரல். அவனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். இந்தப் பதிவு எப்படியாவது சுற்றி அவன் கண்ணில் பட்டால், தம்பி, பந்து கோட்டைத் தாண்டித்தான் போனது. நீ சொன்னது சரி. நான் ஊதியது தப்பு.

தையல் போட்டுக்கொண்ட பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் இந்தப் பதிலை யாராவது சொல்ல வேண்டும். அந்தக் கமிட்டி சொல்லும் என்று நம்புகிறேன். அதில் இருப்பவர்களும் என் மாணவர்கள்தான்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் போடுவேன், காரணத்தோடு.

அன்புடன்,
உங்கள் எட்டாம் வகுப்புக் கணக்கு சார்